ஒச்சாண்டி முன்னால் மேளம் இல்லை

ஜூன் 9, திங்கள்

ஏழாவது ஜெம்பே மேளமும் கிழிந்தது. காலை 10.40. சொன்னது அண்ணன் மகள் ஜெனிபர், போனில். பதினொன்றரைக்குப் பட்டறைக்குப் போய் நானே பார்த்தேன். ஆக, உறுதி.

கிழிசல் விளிம்பில் இல்லை. நடுவிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. முதல் ஆறும் இப்படித்தான் என்கிறாள். அவற்றை நான் பார்க்கவில்லை. தோலை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். போட்டிருக்கக் கூடாது.

முதல் கிழிசல் மே 3. ஐந்து வாரத்தில் ஏழு. அதற்கு முன் பதினாறு வருடத்தில் மொத்தமே மூன்றோ நான்கோ.

அண்ணன் முத்துராஜா தோல் கட்டாத பலாக் கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு யாரிடமோ இரவல் வாங்கிய ஆப்பிரிக்க மேளம் ஒன்றில் தொடங்கியது இதெல்லாம். அண்ணன், அண்ணி, மகன் அஜய்குமார், ஜெனிபர், ஆள் குறைகிறது என்று பிடித்து உட்கார வைக்கப்பட்ட நான். ஐந்து பேர், ‘பத்துக் கை’ என்று பெயர். நான் ஒரு நிகழ்ச்சியோடு பேப்பர் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அண்ணி இறந்து நான்கு வருடம். இப்போது குழுவில் பதினான்கு பேர். பெயர் மட்டும் மாறவில்லை. வாசிக்கிற ஜெம்பே, தர்புகா எல்லாம் இந்தக் கம்பம் பட்டறையிலேயே செய்கிறார்கள். பள்ளிக்கூடங்களும் சர்ச்சுகளும் ஹோட்டல்களும் வாங்குகின்றன. ஆகஸ்ட் 24 கொச்சியில் பெரிய நிகழ்ச்சி.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: “ஏ ஜெபா, ஊர்ல யார் யாரோ செஞ்சதையெல்லாம் கண்டுபிடிச்சு எழுதுனியே. இதையும் கண்டுபிடி.”

யாரோ செய்கிறார்கள் என்று அண்ணன் முடிவே செய்துவிட்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

தோல் வரும் வழியை எழுதி வைக்கிறேன்.

தோல் வியாபாரி ராக்கப்பன் ஆட்டுத் தோலைக் கொண்டுவருகிறார். சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில் காய வைக்க வேண்டும். வெயில் பட்டால் நொறுங்கும். முன்பு பட்டறை மாடியில் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் என்று நகராட்சியில் மனு கொடுத்ததும், பிப்ரவரியிலிருந்து சுருளிப்பட்டி சாலையில் இருக்கும் என் திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே. என் யோசனை. நிழல், காற்று, பூட்டிய கேட்.

காய்ந்த தோல் பட்டறைக்கு வந்ததும் ஒச்சாண்டி கை. ஊற வைப்பது, கட்டையில் கட்டுவது, கட்டிய பிறகு முடியை மழிப்பது, எல்லாம் அவர். பதினான்கு வருடம். பதினோரு நாள் காய்ந்த பின் கயிற்றை இரண்டாம் முறை இழுத்து இறுக்குவதும் அவர். கிழிவது அந்த இழுப்பில், அல்லது அடுத்த சில நாள் வாசிப்பில்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கத்தி பட்ட தடம் இல்லை. கிழிசல் தொடங்கிய இடம் மட்டும் அப்பளம் போல் விறைத்திருக்கிறது. எதையோ தொட்டு வைத்தது போல.

தோலோடு அதிக நேரம் தனியாக இருப்பவர் ஒருவர்தான். இது குற்றச்சாட்டு அல்ல. எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் குருசாமி போன். சாரல் தொடங்கிவிட்டது, இலைக்கு மருந்து அடிக்கக் கேட்டான். சரி என்றேன்.

ஜூன் 14, சனி

ஒத்திகை பார்க்கப் போனேன். வட்டமாக உட்காருகிறார்கள். ஆளுக்கு முன்னால் ஒரு மேளம். அண்ணி வைத்த விதி இன்னும் இருக்கிறது: ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் தன் முன்னால் இருக்கும் மேளத்தின் மேல் கையை வைத்து ஓசையை நிறுத்தி, பிறகுதான் பேச வேண்டும். மேளத்தில் கை வைக்காமல் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அண்ணனையே அண்ணி இப்படிப் பல தடவை அடக்கியிருக்கிறார்.

அஜய் கை வைத்தான். “செயற்கைத் தோல் போட்டிருவோம்னு மூணு வருஷமாச் சொல்றேன். கிழியாது, நாறாது.” அண்ணன் பதிலுக்குக் கை வைக்கவில்லை. தாளத்தைத் தொடங்கிவிட்டார்.

ஆட்டுத் தோல் கிழியக் கிழிய யார் பேச்சு எடுபடும்? அஜயையும் பட்டியலில் சேர்த்தேன். என் கையில் வளர்ந்த பிள்ளை. சேர்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச் முடிந்து தோட்டம். பந்தலுக்குக் கீழே பதினோரு தோல். எண்ணினேன். கேட் பூட்டு சரி. மண்ணில் குருசாமி காலடி தவிர வேறு தடம் இல்லை. இங்கே யாரும் நுழையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இலைகளில் மருந்து இன்னும் காயவில்லை. கையில் பட்டது. மோட்டாரைப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஒச்சாண்டியிடம் பேசினேன். கால்களுக்கு நடுவில் மேளத்தை இடுக்கி முடி மழித்துக்கொண்டிருந்தார். விளிம்பு வளையத்தை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு முடியை அப்படியே விடுவார், காலர் வைத்தது போல. அது அவர் பாணி.

“என்ன ரிப்போர்ட்டரக்கா, பட்டறைப் பக்கம்? எங்கன தீப்பிடிச்சிருச்சு?”

“தோல் கிழியுதே, அதான்.”

“ஆடு உசிரோட இருக்கையிலேயே முள்ளுல மாட்டிக் கிழிச்சுக்கிருது. செத்த பொறகு கேக்கணுமா?”

“ஏழு ஆடுமா?”

“எட்டாவதையும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

தோல் ஊறும் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். சாக்கை இழுத்து மூடினார். “இந்த நாத்தம் சேலைல ஏறுச்சுன்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாக.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மூடினார். நாற்பது நிமிடம் இருந்தேன். நான் இருக்கும் வரை திறக்கவில்லை.

ஜூன் 21, சனி

தகவல்: ஒச்சாண்டி இந்த மாதம் மூன்று முறை குமுளி போயிருக்கிறார், மூன்றும் புதன்கிழமை, காலை முதல் ஜீப்பில். சொன்னவர் ஜீப் ஓட்டும் பாண்டியராஜன். பட்டறையில் அன்றெல்லாம் ‘உடம்பு சரியில்லை’ என்று அரை நாள் விடுப்பு. இது ஜெனிபர் நோட்டில் இருக்கிறது.

பாண்டியராஜன் சொன்னது: “கையில ஒரு பை இருந்துச்சுக்கா.”

“பையில என்ன?”

“நான் ஜீப் ஓட்டுறவன். செக்போஸ்ட்காரன் இல்ல.”

குமுளியில் சுற்றுலாக்காரர்களுக்கு மேளம் விற்க ஒரு கடை புதிதாகத் திறந்திருக்கிறது. இதைச் சொன்னது அஜய். நேரில் பார்க்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

குமுளி. காலை 9.20, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒச்சாண்டி, கையில் துணிப்பை. நானே பார்த்தேன். கூப்பிடவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சந்தில் திரும்பினார். பின்னால் போவதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது.

மேளக் கடை அந்தச் சந்திலிருந்து இருநூறு அடி. ஒன்பது ஜெம்பே. தட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் குறை இல்லை. கடையில் இருந்த பெண்ணிடம் தோலுக்கு யார் வருவது என்று கேட்டேன்.

“கம்பத்துல இருந்து ஒரு சேட்டன் வரும். பேரு அறியில்ல.”

உறுதியானது: கம்பத்திலிருந்து ஒருவர் வருகிறார். உறுதியாகாதது: அவர் யார்.

ஆனால் வேறு யாராக இருக்க முடியும்?

ஜூன் 28, சனி

சொல்லிவிட்டேன்.

மாலை 5.30. ஒத்திகை வட்டம். அண்ணன் பின்கட்டிலிருந்து ஒச்சாண்டியை வரச் சொன்னார். வந்து அஜய்க்கும் கதவுக்கும் நடுவில் நின்றார். எனக்கும் ஒரு மேளம் போட்டிருந்தார்கள். அதன் மேல் கை வைத்தேன். ஏழு மேளம், புதன்கிழமைகள், பை, குமுளி, கடை, கம்பத்து ஆள். வரிசையாகச் சொன்னேன். குரல் உயர்த்தவில்லை. “அந்த ஆள் ஒச்சாண்டி” என்று முடித்தேன்.

ஒச்சாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தன் காலுக்கு முன்னால் இருந்த வெறும் தரையைப் பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். இடுப்பிலிருந்து முடி மழிக்கும் கத்தியை எடுத்துத் தரையில் வைத்தார். போய்விட்டார்.

அஜய்: “ஒரு வார்த்தை இல்லன்னு சொன்னானா பாருங்க.”

ஜெனிபர் மட்டும் கேட்டாள், “அத்தை, தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?” அவள் ஏன் அவருக்காகப் பேசுகிறாள்?

கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் எதையாவது தடவியிருக்கலாம். பீரோவில் பூட்டினேன்.

பதிவு: மறுக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பெயர் உறுதியாகவில்லை என்று 25-ம் தேதி எழுதியிருக்கிறேன். நேற்று பெயரோடு சொன்னேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு செய்தியைக்கூட இப்படிக் கொடுத்ததில்லை.

ஆனால் அவர் மறுக்கவில்லையே.

ஜூலை 5, சனி

பட்டறையில் பேச்சு குறைந்துவிட்டது. ஜெனிபர் தொட்டி அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். அஜய் தோலைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணுகிறான். அண்ணன் இரண்டு பேரையும் பார்க்கிறார். நான் மூன்று பேரையும் பார்க்கிறேன்.

தோல் கட்டும் வேலை இப்போது ஜெனிபருடையது. ஒச்சாண்டி கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். முடிக் காலர்கூட அதே இரண்டு விரல்.

ஜூலை 12, சனி

கிழியவில்லை. ஒச்சாண்டி போய் இரண்டு வாரம். அண்ணன் இன்று சாப்பிட்டார்.

ஜூலை 19, சனி

ஜெனிபர் கட்டிய மேளம் இரண்டு கிழிந்தன. ஒன்று பகல் 12.15, இரண்டாம் இழுப்பில். இன்னொன்று மாலை ஒத்திகையில், அண்ணன் கைக்கு அடியிலேயே. இரண்டுக்கும் நானே சாட்சி. அதே மாதிரி, ஒரு புள்ளியில் தொடங்கி.

அஜய்: “போறதுக்கு முந்தியே தோல்ல எதையாவது தடவி வச்சிட்டுப் போயிருப்பான்.”

அண்ணன் தலையாட்டினார். நானும் அதையேதான் நினைத்தேன். எவ்வளவு சுலபமாக நினைக்க முடிகிறது. ஆள் போன பிறகும் குற்றம் அவருடையதாகவே இருக்கிறது.

ஜெனிபர் என்னிடம் வந்தாள். “நான் கட்டுனதையும் சந்தேகப்படுவீங்களா அத்தை?”

இல்லை என்று சொன்னேன். பொய். பகலிலேயே சந்தேகப்பட்டுவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கிழிந்த இரண்டையும் இந்த முறை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். காலை ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். ஒன்று கறுப்பு ஆடு. இன்னொன்று வெள்ளை. இதற்கு முன் கிழிந்த ஏழும் கறுப்போ செம்பட்டையோ என்று ஜெனிபர் போனில் உறுதி செய்தாள்.

வெள்ளை ஆட்டின் முடிக் காலரில் மூன்று இடத்தில் நீலம். மயில் கழுத்து நீலம். எனக்கு அந்த நிறம் தெரியும். குருசாமியின் சட்டை, கைலி, மருந்து அடிக்கும் டிரம் எல்லாம் அந்த நிறம்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சை இலைக்கு அடிப்பது.

மேலே இருந்த முடியை மழித்துவிடுவதால் இத்தனை நாள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கறுப்பு முடியில் தெரியவும் தெரியாது.

பத்தே முக்காலுக்குத் தோட்டம். குருசாமி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான்.

“மருந்து அடிக்கையில தோல் இங்கன தொங்குச்சா?”

“தொங்குச்சுக்கா. பந்தல்ல அடிச்சா கீழ சொட்டத்தானே செய்யும்.”

“எத்தனை தடவ அடிச்ச?”

“சித்திரையில ஒண்ணு. வைகாசியில ரெண்டு. ஆனி பொறக்குறதுக்கு முந்தி ஒண்ணு.”

“ஏன் என்கிட்டச் சொல்லல?”

மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். “சொல்லலையா? ஒவ்வொரு தடவையும் போன் போட்டேனேக்கா. ‘தோல எடுத்து ஓரமா வைக்கச் சொல்லவா’ன்னு கேட்டேன். ‘செத்த ஆடு குருசாமி, மருந்து பட்டு இனியா சாகப்போகுது, நீ அடி’ன்னீக. நானும் சிரிச்சேன்.”

சொன்னேனா?

சொன்னேன். இப்போது குரல்கூட ஞாபகம் வருகிறது. அன்று தேனியில் கலெக்டர் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், யாருக்கோ காத்துக்கொண்டு. அது சித்திரை. பிறகு ஒவ்வொரு தடவையும் “சரி சரி, அடி” என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 13-ஐப் புரட்டிப் பார்த்தேன். ‘மருந்து அடிக்கக் கேட்டான். சரி என்றேன்.’ அவ்வளவுதான். அவன் கேட்டதில் பாதியை எழுதவில்லை. ஒச்சாண்டி சாக்கை மூடியதை நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கிறேன். ஜூன் 15: என் கையில் பட்டதும் கழுவிக்கொண்டேனாம். தலைக்கு மேலே மருந்து சொட்டச் சொட்டக் கீழே தொங்கின தோலை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன். கால் தடம் தேடினேனாம். கால் தடம்.

எல்லாரையும் பட்டியலில் போட்டேன். என் பெயர் இல்லை.

ஜூலை 24, வியாழன்

பந்தலில் இருந்த தோல்களை ஒன்று நீங்கலாக அப்புறப்படுத்தினோம். அந்த ஒன்றையும், ராக்கப்பன் தன் கொட்டகையிலேயே காய வைத்த ஒன்றையும் ஜெனிபர் இன்று ஒரே அளவுக் கட்டைகளில் கட்டினாள். பதினோரு நாள். ஆகஸ்ட் 4 இரண்டாம் இழுப்பு.

தோல் கொடுக்க வந்த ராக்கப்பனிடம் குமுளிக் கடை பற்றிக் கேட்டேன். “அங்கனயும் நாந்தான் தோல் குடுக்கேன். கட்டுறது கோட்டயத்து ஆளு. ஏன்?”

கம்பத்துச் சேட்டன். ஒரு மாதமாக என் கண் முன்னாலேயே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஜூலை 26, சனி

நாராயணத்தேவன்பட்டி, ஒச்சாண்டி வீடு. காலை 8.10. அவர் இல்லை. கம்பம் மார்க்கெட்டில் வாழைத்தார் ஏற்றப் போயிருக்கிறார். ஒரு மாதமாக அந்த வேலைதான். அவர் மனைவி பஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்கால் வரை பச்சிலைக் கட்டு.

“வாங்க ரிப்போர்ட்டரம்மா. இங்கன என்ன சேதி எடுக்க வந்தீக?”

நின்றுகொண்டே காலைப் பற்றிக் கேட்டேன். ஏலத் தோட்டத்துச் சரிவில் விழுந்தாராம், மே கடைசியில். குமுளியில் எண்ணெய்க் கட்டு வைத்தியர். புதன்கிழமை மட்டும் பார்ப்பார். எண்ணெயும் கஷாயமும் வாங்கிவர ஒச்சாண்டி போவார், பையோடு.

“அன்னைக்கி உங்களப் பாத்தாராம், பஸ் ஸ்டாண்டுல. ‘அக்கா ஏதோ வேலையா வந்திருக்காக, நாம போயி நின்னா தொந்தரவு’ன்னு ஒதுங்கி வந்துட்டேன்னாரு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நான் எப்படி உறுதி செய்தேன் அதை?

மருந்து சொட்டியதைச் சொன்னேன். என் தோட்டம், என் வார்த்தை என்று சொன்னேன். முடித்ததும் நானே கேட்டேன், தெரிந்துகொள்ளத்தான், “அன்னைக்கு அவரு ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா...”

“உங்க வட்டத்துல மேளத்துல கை வைக்காமப் பேசக்கூடாதுன்னு சட்டமாம்ல?”

“ஆமா.”

“பதினாலு வருஷம் பின்கட்டுல இருந்து அதக் கேட்டவரு. அவரு முன்னால மேளம் வச்சீகளா?”

கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

“எல்லாருக்கும் மேளம் கட்டிக் குடுத்தவரு. அன்னைக்கி எங்கன கை வைப்பாரு, சொல்லுங்க.”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். “வந்தா சொல்றேன்” என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 30, புதன்

சனிக்கிழமை வட்டத்திலேயே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அண்ணன் விடவில்லை.

“வீட்டுக்குள்ள சொல்லிக்கிருவோம் ஜெபா. அவனக் கூப்பிட்டு நானே சொல்றேன். ஊர் முன்னால நீ ஏன் நிக்கணும்?”

“குத்தத்த எங்க வச்சு சொன்னேன் அண்ணே?”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அஜய்: “ஆகஸ்ட் 4 வரட்டும் அத்தை. சோதனை முடியட்டும். உங்களுக்குத்தான் எல்லாம் உறுதியாகணுமே.”

குத்திக்காட்டுகிறான். குத்தட்டும். குற்றம் சொல்ல அரைச் சாட்சி போதும் என்று இருந்தேன். திருத்தத்துக்கு மட்டும் இரண்டு சாட்சி கேட்டுத் தள்ளிப்போட முடியாது. முதல் பக்கத்தில் வந்ததற்கு ஆறாம் பக்கத்து மூலையில் நான்கு வரி திருத்தம் போடுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் நான். இரண்டு முறை நானே எழுதியிருக்கிறேன், யாரும் படிக்காத மாதிரி.

ஆகஸ்ட் 2, சனி

மாலை 5.30. அதே கூடம், அதே பதினான்கு பேர். அஜய்க்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கச் சொன்னேன். பாய்க்கு முன்னால் ஒரு மேளம். ஜெனிபர் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தாள், ஒச்சாண்டி கட்டியது, பந்தலுக்கு முந்திய தோல்.

சொல்லி அனுப்பியிருந்தும் ஒச்சாண்டி வரவில்லை. பஞ்சம்மாள் வந்தார், கம்பு ஊன்றி. பாயில் உட்காரச் சொன்னோம். மாட்டேன் என்று கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

கை வைத்துச் சொன்னேன். தோல் கெட்டது என் தோட்டத்தில். கேட்டவனுக்கு அடி என்று சொன்னது நான். குமுளிக்கு அவர் போனது மருந்து வாங்க. கடைக்குப் போனது ராக்கப்பன். பெயர் தெரியாமல் பெயர் சொன்னேன். அவர் முன்னால் மேளம் வைக்காமல், மறுக்கவில்லை என்று எழுதிக்கொண்டேன்.

அண்ணன் தலை குனிந்திருந்தார். அஜய் கை வைத்தான். “மறுக்கலைன்னு நானும் சொன்னேன்” என்றான்.

பஞ்சம்மாள்: “சொல்லீட்டீகள்ல. போயி சொல்றேன்.” அந்த வெறும் பாயை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

ஒத்திகை நடந்தது. அந்த மேளத்தை யாரும் நகர்த்தவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாம் இழுப்பு. பந்தல் தோல்: மாலை 4.10, ஐந்தாவது முடிச்சில் கிழிந்தது. ராக்கப்பன் கொட்டகைத் தோல்: முழு இறுக்கத்துக்கும் நின்றது. பார்த்தவர்கள்: நான், ஜெனிபர், அண்ணன், அஜய்.

அண்ணன் நின்ற மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார். “நல்லாருக்கு” என்றார். பிறகு, “அவன் இழுத்திருந்தா இன்னும் ஒரு இழுப்பு தாங்கும்.”

ஆகஸ்ட் 6, புதன்

காலை 7.50, பஞ்சம்மாள் போன். குமுளி ஜீப்பில் இருந்து. இன்று பஞ்சம்மாளே வைத்தியரிடம் போகிறார், கால் கொஞ்சம் தேறியிருக்கிறது.

“அந்தக் கத்தி உங்ககிட்டயா இருக்கு?”

“இருக்கு.”

“எண்ணெய் தடவி வச்சிருக்கீகளான்னு கேக்கச் சொன்னாரு.”

இல்லை என்றேன்.

பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது கேட்டது: தடவலையாம். ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. ஜீப் சத்தத்தில் விளங்கவில்லை. பஞ்சம்மாள் திரும்பப் போனுக்கு வந்தார்: “‘சேதி எழுதுறவுககிட்ட கத்தியக் குடுத்தா இப்படித்தான்’ங்கிறாரு. சாணை புடிச்சு வைக்கச் சொன்னாரு. துருவோட இருந்தாத் தொடமாட்டாராம்.”

“வருவாரா?”

“சாணை புடிச்சு வைக்கச் சொன்னாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

பீரோவைத் திறந்தேன். பேப்பரோடு ஒட்டியிருந்தது. நுனியிலும் பிடி ஓரத்திலும் துரு. பதினோரு மணிக்குக் கம்பம் மார்க்கெட் பின்புறம் சாணைக்காரரிடம் கொடுத்தேன். துரு ஆழமாக இறங்கவில்லை என்றார். வெள்ளி மாலை தருவார். தேங்காய் எண்ணெய் வாங்கிவிட்டேன்.

நிலுவை: கொச்சி நிகழ்ச்சிக்கு ஒன்பது மேளம், இன்னும் தோல் கட்டவில்லை. ஆகஸ்ட் 24. ஒச்சாண்டியின் பதில், வந்தால் சனிக்கிழமை, ஆகஸ்ட் 9, மாலை ஐந்தரை ஒத்திகையில். பாயும் மேளமும் அதே இடத்தில் இருப்பதாக ஜெனிபர் சொன்னாள். இன்று மாலை போய்ப் பார்த்தேன். இருக்கிறது.